சொர்ணத்தாய்க்குச் செஞ்ச கல்லு

வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க. இங்கிட்டு வந்து உக்காருங்க. கரி ஒட்டும், வேட்டி பாத்து... ஓ, பேண்ட்டுதான் போட்டிருக்கீங்க. கருப்பு பேண்ட்டு. அப்ப உக்காரலாம்.

கத்தி அடிக்கணும்னு ஆசைப்பட்டுக் கோயமுத்தூர்ல இருந்து போடி வரைக்கும் வந்திருக்கீங்க. சந்தோசம். போன்ல நீங்க காட்டுன படத்தைப் பாத்தேன். உங்க கல்லு வார்ப்பு, தம்பி. இரும்பை உருக்கி அச்சுல ஊத்துனது. மலிவா வந்துச்சுன்னு வாங்கியிருக்கீங்க. நீலப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கானே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. நல்ல கல்லுக்கு எதுக்குப் பெயிண்ட்டு? இரும்புதான், ஆனா நம்ம தொழில்ல கல்லுன்னுதான் சொல்லுவோம். பட்டறைக்கல்லு.

அதை எப்படி நல்ல கல்லா மாத்துறதுன்னு கேக்குறீங்க. சொல்றேன். இந்தா நிக்குதே, இதுவும் அதே ரகந்தான். வாங்கையில உங்களுதை விட மோசம். ஆனா இதைப் பத்திச் சொல்லணும்னா சொர்ணத்தாயப் பத்திச் சொல்லணும். அவளை விட்டுட்டு இந்தக் கல்லைச் சொல்ல எனக்கு வராது. கோவிச்சுக்காதீங்க.

சொர்ணத்தாய் என் சம்சாரம். சொந்த அக்கா மக. எங்க தொழில்ல ஒத்தை ஆளு ஒண்ணும் செய்ய முடியாது. நான் கிடுக்கில இரும்பைப் பிடிச்சுக்கிட்டுச் சின்னச் சுத்தியலால தொட்டுக் காட்டுவேன், இங்க அடி, இங்க அடின்னு. எதுத்தாப்ல நின்னு சம்மட்டி போடுறது அவ. கல்யாணம் முடிஞ்சு வந்த வருசமே சம்மட்டியக் கையில எடுத்தவ. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, மேல என் பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு அடிச்சாள்னா, ரோட்டுல போறவன் சைக்கிளை நிறுத்திட்டுப் பாப்பான். ஒரு பிசிறு இருக்காது. நான் தொட்ட எடத்துல அடி விழும். வாயால பேசிக்கவே மாட்டோம். எதுக்குப் பேசணும்? சுத்தியல் பேசிரும்.

முன்னாடி எங்ககிட்ட நல்ல கல்லு இருந்துச்சு. அப்பா காலத்துக் கல்லு. பாகம் பிரிக்கையில எங்க அண்ணன், 'எனக்கு வீடு வேண்டாம், கல்லு போதும்'னான். பெருந்தன்மையாப் பேசுறான்னு நானும் சரின்னுட்டேன். வீடு வேண்டாங்கிற பெருந்தன்மை இல்ல அது. கல்லோட அருமை தெரிஞ்ச கள்ளத்தனம். சரி, அது போகட்டும். அவன் கதை தனிக் கதை.

அப்பத்தான் மதுரையில ஒரு இரும்புக் கடையில இதை வாங்குனேன். அந்தக் கடைக்காரனைத்தான் தம்பி நான் மன்னிக்கவே மாட்டேன். வாங்கிட்டு வந்து எறக்கி மொத அடி அடிச்சோம். 'தொப்'புன்னுச்சு. மண்ணுல அடிச்ச மாதிரி. நல்ல கல்லுன்னா அடிச்ச அடியில பாதியத் திருப்பித் தரும். சம்மட்டி தானா மேல எந்திரிக்கும், தூக்குறவனுக்குப் பாதி வேலை மிச்சம். இது திருப்பியே தரலை. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டுச் செத்த பொணம் மாதிரி கெடந்துச்சு. சொர்ணத்தாய் ஒவ்வொரு தடவையும் சம்மட்டியக் கெணத்துல இருந்து தூக்குற மாதிரி தூக்க வேண்டியிருந்துச்சு.

கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டைப் போட்டுட்டு, எடது கையத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறா.

"என்னத்தா?"ன்னேன்.

"கையி மரத்துப்போகுது மாமா. தோள்ல இருந்து விரலு வரைக்கும் ஒரு மாதிரி இழுக்குது"ன்னா.

எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. கல்லு. அடியத் திருப்பித் தராததால தூக்குற பாரமெல்லாம் கையில ஏறுது. அன்னைக்கே கிரைண்டர் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். இதைத்தான் நீங்க மொதல்ல செய்யணும், கேட்டுக்கங்க. மேல்முகத்துல ஒரு மட்டப்பலகைய வச்சுப் பாருங்க, எங்கெங்க வெளிச்சம் தெரியுதுன்னு. வார்ப்புக் கல்லுல முகம் மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும். பையத் தேய்க்கணும். அவசரப்பட்டுத் தேய்ச்சா நடுவுல குழி விழுந்துரும். அப்புறம் ஓரம். கடைக்காரன் கத்தி மாதிரி கூராக் குடுத்திருப்பான். பாக்கத்தான் அழகு. வார்ப்பு ஓரம் தெறிச்சுதுன்னா கண்ணு போயிரும். அரத்தைப் போட்டு மொழுமொழுன்னு உருட்டிவிடுங்க.

நான் தேய்க்கத் தேய்க்க அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. முடிச்சுட்டு, "இப்ப அடி"ன்னேன். அடிச்சா.

"இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல மாமா"ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா.

அப்புறம் முதுகு. ரெண்டு தோளுக்கும் நடுவுல ஆணி அடிச்ச மாதிரி பிடிக்குதுன்னா. யோசிச்சேன். கல்லு உயரமா நிக்குது, அதான். கல்லோட உயரத்தை எவனும் சம்மட்டிக்காரிக்குப் பாத்து வைக்க மாட்டான் தம்பி. ஆசாரி உயரத்துக்குத்தான் வைப்பான். நான் அவளை நேரா நிக்கச் சொல்லி, கையத் தொங்கவிட்டு விரலை மடக்கச் சொன்னேன். அந்த விரல் முட்டி எங்க வருதோ அங்க கல்லோட முகம் வரணும். அவ கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறா. "யாராச்சும் பாக்கப் போறாக மாமா"ங்கிறா. பாத்தா பாக்கட்டுமே. நான் கீழ உக்காந்து குச்சிய வச்சு அளந்தேன்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல பழைய புளியமரம் சாஞ்சு கெடந்துச்சு. அதுல அடிக்கட்டைய அறுத்து எடுத்துட்டு வந்தேன். நீங்களும் புளியங்கட்டை கெடச்சா விடாதீங்க. வேப்பங்கட்டை வெடிச்சுரும். மாங்கட்டை சொல்லவே வேணாம். கட்டைய முக்காவாசி மண்ணுக்குள்ள புதைச்சு, சுத்தி மணலை இடிச்சேன். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவுல லாரி டயர் ரப்பர். ஆடாம இருக்க இரும்புப் பட்டை போட்டுக் கட்டுனேன். நான் குனிஞ்சு வேலை பாக்க வேண்டியதாப் போச்சு. எனக்கு இடுப்பு போச்சு. போகட்டும். அவளுக்குச் சரியா இருந்துச்சுல்ல.

"இப்ப முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா. எனக்காக நீங்க ஏன் இம்புட்டு மெனக்கெடுறீக?"

இது என்ன கேள்வி! வேற யாருக்காக மெனக்கெடுறது? மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், தீவாளிக்குத்தான் வருவான். வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான். எங்க கொழுந்தியா ஒருத்தி இருக்கா, குருவம்மான்னு, சொர்ணத்தாய்க்குத் தங்கச்சி. தேனியில கட்டிக்குடுத்துருக்கு. அவளுக்கு எப்பவும் என்மேல ஒரு இது. அக்காளச் சம்மட்டி அடிக்க விடுறேன்னு. அவ புருசன் பேங்குல வாட்ச்மேன், நெழல்ல உக்காருற வேலை. அதுல ஒரு பவுசு.

அதுக்கப்புறம் தாடைன்னா. தாடை வலிக்குது, பல்லு வலி மாதிரி இருக்கு, ஆனா பல்லு வலி இல்லேன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இரும்புச் சத்தம்டி, காதுல ஏறித் தாடையில எறங்குது"ன்னேன். கல்லோட இடுப்புல பழைய சங்கிலியச் சுத்துனேன். இந்தா இருக்கு பாருங்க. சங்கிலி சுத்துனா அதிர்வு அடங்கும். நீங்க அப்பார்ட்மெண்ட்டுல வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, கட்டாயம் சுத்துங்க. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான்.

சில நாள் காலையிலேயே அவளுக்கு வேர்த்துக் கொட்டும். அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே. கல்லை அடுப்புல இருந்து ஒரு எட்டு தள்ளி வச்சிருக்கலாமோன்னு நெனச்சேன். ஆனா கட்டையப் புதைச்சாச்சே. மேக்க கூரை ஓட்டைப் பிரிச்சு, காத்து வர ஒரு தகரத்தைத் தூக்கிக் கட்டினேன்.

அந்தச் சமயத்துல ஏலக்காய் எஸ்டேட்டுல இருந்து வேலை வந்துச்சு. வாக்கத்தி, கடப்பாரை, மம்பட்டின்னு கை நிறைய. இந்தச் செத்த கல்லை வச்சுக்கிட்டு அவளை அம்புட்டும் அடிக்க வைக்கக் கூடாதுன்னு எனக்கு மனசுல ஒரு உறுதி. அவ பத்து அடி அடிக்கிற எடத்துல ஆறு அடி போதும்னு ஆக்கணும். அதுக்கு ஒரே வழி, மேல எஃகு முகம் போடணும்.

இதுதான் தம்பி பெரிய வேலை. நல்லாக் கேளுங்க. லாரிப் பட்டை இருக்குல்ல, வில்லுப் பட்டை, சக்கரத்துக்கு மேல அடுக்கியிருக்குமே எஃகு, அதுல தடிச்சதா ஒண்ணு பழைய இரும்புக் கடையில பாத்து எடுத்தேன். அது வளைஞ்சு இருக்கும். காய்ச்சி நெளிவெடுக்கணும். அந்த நெளிவை எடுத்தது சொர்ணத்தாய்தான். தடிப் பட்டை, லேசுல படியலை. நடுநடுவுல சம்மட்டிய ஊனிக்கிட்டு நின்னா. "செத்த இருங்க மாமா, மூச்சு வாங்கிக்கிறேன்"னா. "இது ஒண்ணை மட்டும் முடிச்சுரு தாயி, அப்புறம் உனக்கு ஆயுசுக்கும் கஷ்டம் இல்ல"ன்னேன். முடிச்சுட்டா. முடிச்சுட்டு அங்கன செவுத்தோரம் கால நீட்டி உக்காந்துட்டா. நான் பட்டைய மட்டப்பலகையில வச்சுப் பாத்தேன். ஒரு நூலு எடைவெளி இல்ல. அப்படி ஒரு மட்டம்! நீங்க மிஷின்ல குடுத்தாலும் வராது.

அடுத்த நாளு, தேனிக்குப் போயிட்டு வாரேன், தங்கச்சியப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னா. போயிட்டு வான்னேன். உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசம். அவ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சுரணும்னு.

வார்ப்பு மேல வெல்டிங் வைக்கிறது சும்மா இல்ல. பச்சையா வச்சா 'டிக்'குன்னு கீறல் விட்டுரும். கல்லைக் கழட்டி, குழி வெட்டி, கரிய மூட்டி உள்ள வச்சுச் சூடேத்தினேன். தண்ணி தெளிச்சாத் துள்ளி ஓடணும், அம்புட்டுச் சூடு. வெல்டிங் பட்டறை இப்ராகிம் பாயைக் கூட்டிட்டு வந்தேன். நிக்கல் ராடுதான் போடணும், சாதா ராடு கூடாது. ரெண்டு முகமும் காத்துப் போகாம ஒட்டி உக்காரணும். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வைக்கணும். முடிஞ்சதும் சாம்பலுக்குள்ள புதைச்சுட்டோம், பைய ஆறட்டும்னு. வெல்டிங் சூட்டுல பட்டையோட உரம் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். எறங்கட்டும். அப்பவும் வார்ப்பை விட எவ்வளவோ மேல்.

அவ தேனியில இருந்து வந்து பஸ்ஸை விட்டு எறங்குறா, நான் ஸ்டாண்டுலயே நிக்கிறேன். "என்ன மாமா, என்னைக்கும் இல்லாம"ங்கிறா. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். மொகம் என்னமோ வெளுத்து இருந்துச்சு. பஸ் அலுப்பு. கையில ஒரு மருந்துக் கவர் வச்சிருந்தா. "வாயுவுக்கு, தங்கச்சி வாங்கிக் குடுத்தா"ன்னா.

லாரி பேரிங்குல இருக்குமே எஃகுக் குண்டு, அதுல ஒண்ணை அவ கையில குடுத்து, "கல்லு மேல போடு"ன்னேன். போட்டா. தம்பி, அது துள்ளுச்சு பாருங்க! விட்ட உயரத்துக்குக் கிட்டத்துல திரும்பி வந்துச்சு. முன்னாடி போட்டா முட்டை மாதிரி அப்படியே உக்காரும். அவ சின்னப்பிள்ளை மாதிரி கையத் தட்டுனா. திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டுப் பிடிக்கிறா. அப்புறம் சம்மட்டிய எடுத்தா. "நாளைக்கு அடிக்கலாம்டி"ன்னேன். "இல்ல மாமா, ஒரு அடி"ன்னா. கணீர்னுச்சு. கோயில் மணி தோத்துப்போகும். இப்ராகிம் பாய் பட்டறையில இருந்து ஓடியாந்து எட்டிப் பாக்குறாரு.

"இப்ப எங்கயாச்சும் வலிக்குதா?"ன்னு கேட்டேன்.

என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. "இல்ல மாமா. எங்கயும் வலிக்கல"ன்னா.

ஒரு வாரம் அப்படி ஓடுச்சு. எங்க வாழ்க்கையிலேயே நல்ல வாரம் அதுதான் தம்பி. கல்லு பாடுச்சுன்னுதான் சொல்லணும்.

அன்னைக்குக் காலையில கடப்பாரைக்கு மொனை எடுத்துக்கிட்டிருந்தோம். நல்லாப் பழுத்த இரும்பு. நான் தொட்டுக் காட்டுனேன். அடி விழல. திரும்பவும் தொட்டேன். விழல. நான் நிமிரலை தம்பி. கண்ணை இரும்பு மேலயே வச்சுக்கிட்டு, "என்ன செலையா நிக்கிற, இரும்பு ஆறுதுல்ல"ன்னு சத்தம் போட்டேன். அப்புறந்தான் பாத்தேன். கட்டையில சாஞ்சு உக்காந்திருந்தா. சம்மட்டி மடியில கெடக்கு, பிள்ளையப் போட்டு வச்ச மாதிரி.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிச்சுக்கிறேன்.

நெஞ்சடைப்புன்னாங்க. பதினாறு கழிஞ்ச அன்னைக்கு மகனை வச்சுக்கிட்டு, சொந்தபந்தம் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு குருவம்மா ஆரம்பிச்சா. "அக்கா எங்க வீட்டுக்கு விருந்தாட வரலை. நான்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு படம் எடுத்துப் பாத்துட்டு, இருதயத்துக்குப் போற குழாயி அடைச்சிருக்கு, இனிமே ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது, இங்கயே படுத்துருன்னாரு. அவதான் கேக்கலை. மாமா எனக்காகக் கல்லு செஞ்சுக்கிட்டு இருக்காரு, முடிக்கட்டும், பாத்துட்டு வந்து படுத்துக்கிறேன்னா"ன்னு அழுகுறா.

நான் பொய்யின்னேன். எங்கிட்டச் சொல்லாததை இவகிட்ட எப்படிச் சொல்லுவா? சுத்தியலால தொட்டாலே புரிஞ்சுக்கிறவ, வாயைத் தொறந்து சொல்ல மாட்டாளா?

அதுக்குக் குருவம்மா சொல்றா, "ஏன் சொல்லலைன்னு நானும் கேட்டேன் மாமா. அதுக்கு அக்கா, கட்டிட்டு வந்ததுல இருந்து அந்த மனுசன் எங்க வலிக்குதுன்னு எங்கிட்டக் கேட்டது இப்பத்தான்டி. நோவுன்னு சொல்லிட்டா ஆசுபத்திரியில கொண்டுபோய்ப் போட்டுட்டு வெளிய நின்னுருவாரு. இன்னும் கொஞ்ச நாளு கேக்கட்டும்னா"ன்னு.

எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அடுத்த நாளு பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். அந்த இரும்புக் கடைக்கு. "உன் கல்லு என் பொண்டாட்டியக் கொன்னுருச்சுடா"ன்னு நடுக்கடையில நின்னு கத்துனேன். கூட்டம் கூடிருச்சு. கடைக்காரன் சேரைப் போட்டு உக்கார வச்சான். டீ வாங்கியாரச் சொன்னான். எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு, மெதுவா, "அண்ணே, அம்மாவ முன்னாடியே ஒரு டாக்டர்கிட்டக் காட்டலையா?"ன்னான்.

என்ன கேள்வி பாருங்க தம்பி! கல்லு சரியில்லைங்கிறேன், டாக்டரைக் கேக்குறான். விக்கிறது மட்டமான கல்லு, கேக்குறது இப்படி ஒரு கேள்வி.

டீயக் குடிக்காம வந்துட்டேன். ஆனா பஸ்சு உசிலம்பட்டி தாண்டுறப்ப அந்தக் கேள்வி கூடவே வருது. தேனியில எறங்கிட்டேன். குருவம்மா வீட்டுக்குப் போனேன். வாசல்ல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, உள்ள வாங்கன்னுகூடச் சொல்லாம நிக்கிறா. சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனச்சிருப்பா.

"உங்கக்கா ஒங்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொன்னா?"ன்னு கேட்டேன்.

"நெஞ்சுல மாமா"ன்னா. "ஆரம்பத்துல இருந்தே நெஞ்சுலதான்."

நெஞ்சுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே தம்பி. கையின்னா. முதுகுன்னா. தாடைன்னா. நெஞ்சுங்கிற வார்த்தை அவ வாயில இருந்து வரவே இல்ல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அதெல்லாம் பொய் வலியும் இல்லையாம். அந்த நோவு அங்கல்லாம் எறங்குமாம், குருவம்மா புருசன் சொன்னாப்ல. ஆனா நெஞ்சை மட்டும் மறைச்சுட்டா. கைக்குன்னா நான் தேய்ப்பேன். முதுகுக்குன்னா கட்டைய எறக்குவேன். நெஞ்சுக்கு என்ன செய்வேன்? எனக்குச் சரி பண்ணத் தெரிஞ்ச வலியாப் பாத்துப் பாத்துச் சொல்லியிருக்கா தம்பி அவ.